மிச்சம் நின்ற அரை கோல்

உலகக் கோல் பேரவையின் வாசலில் யாராக இருந்தாலும் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தக் கட்டடத்துக்குள் காலணி என்று சொல்லத் தகுந்தது ஒன்றே ஒன்றுதான், அது தங்கத்தாலானது, மற்றதெல்லாம் வெறும் தோல் என்பது பேரவையின் கொள்கை. அதனால் அங்கே வேலை பார்க்கிற அறிஞர்கள் அத்தனை பேரும் சலவைக்கல் தரையில் வெறுங்காலோடு, குளிரில் விரல்களை மடக்கிக்கொண்டு நடப்பார்கள். யாரும் தும்முவதில்லை. தும்மினால் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று ஒரு பேச்சு உண்டு.

விருது நாளன்று காலையிலேயே கொக்கு அங்கே வந்து காலணியைக் கழற்றினான். நீண்ட கால்கள், பந்து வரக் காத்திருக்கும்போது ஒற்றைக்காலில் நிற்கிற வழக்கம், அதனால் அந்தப் பெயர். வாரநாள்களில் குளிர்பதனக் கிடங்கில் சரக்கு ஏற்றுவான். விடுமுறை நாள்களில் ஊர் அணிக்கு முன்கள ஆட்டக்காரன். இந்த ஆண்டு உலகத்து லீக்குகள் எல்லாவற்றிலும் கோல் அடித்தவர்களில் முதலிடம் இவனுக்குத்தான் என்று பேரவை அறிவித்திருந்தது. மாலையில் தங்கக் காலணி வாங்க வேண்டியவன் காலையிலேயே வந்து நின்றதற்குக் காரணம், ஒரு கோலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பேரவைச் செயலாளர் அவனைக் கண்டதும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"வாங்க வாங்க! காலையிலயே வந்துட்டீங்களே. ஆர்வம்!"

"சார், அந்த முப்பதாவது கோல் என்னோடது இல்ல."

செயலாளர் அப்படியே நின்றார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "கேட்டீங்களா? என்னோடது இல்லையாம். இதை அப்படியே விழா மலர்ல போடுங்க. கொட்டை எழுத்துல" என்றார்.

"சார், நிஜமா சொல்றேன். அது எங்க மதில் அண்ணன் அடிச்சது."

"பாருங்க, புகழைப் பங்கு போடுறார். அதையும் எழுதிக்கோங்க."

நடந்தது இதுதான். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் மூலையிலிருந்து கொக்கு உதைத்த பந்து, கோலை விட்டு விலகித்தான் போய்க்கொண்டிருந்தது. அவன் அணியின் பின்கள ஆட்டக்காரர் ஒருவர் பாய்ந்து தலையைக் கொடுத்தார். பந்து அவர் நெற்றியில் பட்டுத் திரும்பி வலைக்குள் விழுந்தது. அவரும் பாய்ந்த வேகத்தில் கம்பத்தில் முட்டிக்கொண்டு விழுந்தார். அவர்தான் மதில். பதினான்கு ஆண்டுகளாக அடுத்தவன் கோலைத் தடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர், ஒரு கோல்கூட அடித்ததில்லை, அன்றோடு ஓய்வு பெறுகிறவர். நெற்றியில் தையல் போடும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தார். மயக்க மருந்தை அதிகமாகக் கொடுத்துவிட்டோமோ என்று மருத்துவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் அது மதிலின் கோல் என்றே கைதட்டினார்கள். ஆனால் பேரவைக்கு ஒரு விதி உண்டு: கோல் யாருடையது என்று ஐயம் எழுந்தால், அது விருதுப் போட்டியில் முன்னால் நிற்பவரையே சேரும். ஐயம் யாருக்கும் எழவில்லை. ஆகவே பேரவையே ஒன்றை எழுப்பிக்கொண்டது.

இதோடு போயிருந்தால் மதில் கவலைப்பட்டிருக்க மாட்டார். அவருக்கு மூன்றாம் வகுப்பில் ஒரு மகள் இருந்தாள். எல்லோருக்கும் அவள் குட்டி. வீட்டில் நடந்த நல்ல செய்தி ஒன்றைச் சொல்லச் சொன்ன ஆசிரியையிடம், "எங்கப்பா கோல் அடிச்சார்" என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பில் ஒருவன் பேரவைப் பட்டியலில் அப்படி இல்லையே என்றான். ஆசிரியை பார்த்தார். இல்லை. குட்டி விடவில்லை. பட்டியல்தான் பொய் சொல்கிறது என்றாள். உலகமே பொய் சொல்கிறதா, நீ மட்டும் நிஜமா என்று பேச்சு வளர்ந்து, கடைசியில் விருது நாளுக்கு மறுநாள் காலை மாணவர் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், 'நான் பொய் சொன்னேன்' என்று அவள் சொல்ல வேண்டும் என்பதில் வந்து நின்றது. மதில் போய்ப் பேசிப்பார்த்தார். ஆசிரியை பொல்லாதவர் அல்ல. "எல்லா அப்பாவும் இப்படித்தான் சார் வர்றாங்க. பேரவையிலிருந்து ஒரு வரி வாங்கிட்டு வந்துடுங்களேன், நானே அவகிட்ட மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார்.

அந்த ஒரு வரிக்காகத்தான் கொக்கு வந்திருந்தான். மாலையில் மேடையில் உறுதிமொழி முடிந்ததும் கோல்களுக்கு முத்திரை விழும். விழுந்த முத்திரையை யாராலும் எடுக்க முடியாது. பேரவையாலும்கூட முடியாது என்பதில் பேரவைக்கு மிகுந்த பெருமை.

"கோலைக் குறைக்கிறதுக்கு இங்க வழியே இல்லையா சார்?" என்றான்.

"கூட்டறதுக்கு ஏழு பிரிவு இருக்கு. குறைக்கிறதுக்கு..." செயலாளர் யோசித்தார். "எடை அறைக்குப் போய்ப் பாருங்க. ஆனா சிரிச்ச முகமா போங்க. வழியெல்லாம் படம் எடுக்கிறாங்க."

எடை அறை என்பது கோல்களுக்கு எடை போடும் இடம். பெரிய லீக்கில் அடித்த கோல் இரண்டாக எண்ணப்படும். நடுத்தர லீக்கில் ஒன்றரை. சின்ன லீக்கில் ஒன்று. கொக்கின் லீக் நடுத்தரம். முப்பது கோல் அடித்தான் என்று வைத்து நாற்பத்தைந்து போட்டிருந்தார்கள். அவனுக்கு அடுத்து நின்றவன் பெரிய லீக்கின் பிரபல ஆட்டக்காரன், எல்லோரும் ராட்சசன் என்பார்கள். இருபத்திரண்டு அடித்து நாற்பத்துநான்கு வாங்கியிருந்தான்.

எடை நிபுணர் ஓர் அம்மாள். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எத்தனை கோலைத் திருப்பிக் குடுக்கறீங்க?"

"ஒண்ணு, மேடம்."

"ஒண்ணு உங்ககிட்ட ஏது? உங்ககிட்ட இருக்கிறதெல்லாம் ஒன்றரை."

"சரி மேடம், ஒன்றரையை எடுத்துக்கோங்க."

"எடுத்து?"

"எங்க அண்ணனுக்குக் குடுத்துடுங்க."

"உங்க அண்ணன் விருதுப் போட்டியில இருக்காரா?"

"இல்லைங்க. அவர் வாழ்நாள்ல அடிச்சதே இது ஒண்ணுதான்."

"அப்போ அவருக்கு எடை கிடையாது. போட்டியில இல்லாதவர் அடிச்சா அது வெறும் கோல். ஒண்ணுதான் அவர் கணக்குல ஏறும்." அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "ஒன்றரை வெளிய வருது. ஒண்ணு உள்ள போகுது. அந்த அரை கோல் எங்க போகும்?"

கொக்கு தன் கிடங்கை நினைத்துப் பார்த்தான். கிடங்கில் ஒரு மூட்டையை இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் வைத்தால் அது ஒரு மூட்டையாகத்தான் இருக்கும். இடையில் பெருத்ததும் இல்லை, இளைத்ததும் இல்லை.

"தூக்கிப் போட்டுட முடியாதா மேடம்?"

அறையில் இருந்த நான்கு பேரும் எழுதுவதை நிறுத்தினார்கள்.

"தூக்கிப் போடறதா? கோலையா?" அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, இந்தப் பேரவை வரலாற்றுல இதுவரைக்கும் அனாதைக் கோல்னு ஒண்ணு நின்னது கிடையாது. என் காலத்துல அது நடக்காது. வேணும்னா ஒண்ணு செய்யலாம். உங்க அண்ணன் போட்டியில சேரட்டும். ஒன்றரையும் அவருக்கே போகும். அதுக்கு அவர் இருபது கோல் அடிச்சிருக்கணும்."

"அவர் ரிட்டயர் ஆயிட்டார் மேடம்."

"அடிச்சுட்டு ஆகியிருக்கலாம்" என்றார் அம்மாள், உண்மையான வருத்தத்தோடு.

நடைபாதைக்கு வந்ததும் கைப்பேசி அடித்தது. அணி மேலாளர்.

"டேய் கொக்கு, அங்க என்னடா பண்ணிக்கிட்டு இருக்க? செயலாளர் எனக்குப் போன் போட்டு, உங்க பையன் பணிவுல கொஞ்சம் ஓவரா போறான்னு சொல்றார்."

"அண்ணே, நான் பணிவா பேசலண்ணே. உண்மையைப் பேசுறேன்."

"ரெண்டும் ஒண்ணுதாண்டா அவங்களுக்கு. வாயை மூடிக்கிட்டு வாங்கிட்டு வா. நம்ம லீக்கோட எடையைக் குறைச்சு ஒண்ணாக்கிட்டாங்கன்னா என்ன ஆகும்? நம்ம ஆட்டத்தை எந்த டிவிக்காரன் காட்டுவான்? உன்கூட ஆடுற பசங்க சோத்துக்கு என்ன பண்ணுவாங்க?"

கொக்கு பேச்சைத் துண்டித்துவிட்டு மதிலை அழைத்தான்.

"அண்ணே, இங்க எல்லாரும் சிரிச்ச முகமா கழுத்தை அறுக்குறாங்கண்ணே."

"விட்டுடு தம்பி" என்றார் மதில். "நீ எதுக்கு அலையுற? பந்து போச்சு, உள்ள விழுந்துச்சு, நம்ம டீம் ஜெயிச்சுது. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். போதும்டா."

"குட்டி?"

பதிலுக்கு மதில் வீட்டுச் சத்தம்தான் கேட்டது. பாத்திரம் உருளும் ஓசை, அதற்குப் பின்னால் மதிலின் மனைவியின் தணிந்த குரல்: "ஒரு தடவை சொல்லிப் பாரும்மா. அழாம சொல்லணும், சரியா?" அதற்குப் பின்னால் இன்னொரு குரல், ஒவ்வொரு சொல்லாக: "நான்... பொய்... சொன்னேன்."

"அண்ணிகிட்ட நிறுத்தச் சொல்லுங்கண்ணே" என்றான் கொக்கு. "நான் பார்த்துக்கறேன்."

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறான் என்று அவனுக்கே தெரியாது.

பேரவைத் தலைவரைப் பார்க்க அனுமதி கிடைத்தபோது பிற்பகல் சாய்ந்துவிட்டது. தலைவரின் அறையில் மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் காலணி இருந்தது. வலது கால் மட்டும். இடது காலுக்கு ஏன் இல்லை என்று யாரும் கேட்டதில்லை. தலைவர் உருண்டையான, அன்பான மனிதர். எழுந்து வந்து கொக்கின் தோளில் கை போட்டார்.

"உங்க மனசு எனக்குப் புரியுது தம்பி. நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். உங்க கால் அளவு என்ன?"

கொக்கு சொன்னான்.

"ராட்சசனோட அளவு அதைவிட ரெண்டு கூட." தலைவர் கண்ணாடிப் பெட்டியைத் தடவினார். "இதை வார்த்து முடிச்சாச்சு. நீங்க ஒரு கோலைத் திருப்பிக் குடுத்தா நாற்பத்துமூணரை. அவருக்கு நாற்பத்துநாலு. அவர் ஜெயிக்கிறார். மேடையில இதுக்குள்ள காலை விட்டுத்தான் உறுதிமொழி எடுக்கணும். அவர் காலு இதுக்குள்ள போகுமா?"

"போகாதுங்க."

"அப்போ யாரு ஜெயிச்சது?"

கொக்குக்கு ஒரு கணம் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை படித்தவர்கள், இத்தனை சலவைக்கல். தான்தான் எதையோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோமோ? பிறகு தையல் போட்ட அந்த நெற்றி நினைவுக்கு வந்தது.

"ஐயா, அண்ணன் நெத்தியில அடிபட்டிருக்கு. வந்து பாருங்க. நெத்தி பொய் சொல்லுமா?"

"அறிக்கை படிச்சேன். அடி கம்பத்தால பட்டது, பந்தால இல்ல" என்றார் தலைவர் கனிவாக. "உங்க ஊரைப் பத்தி யோசிங்க. நன்றி இல்லாத லீக்குகளோட எடையை அடுத்த மாசம் மறுபடி பார்க்கப் போறோம். நான் மிரட்டல. நான் யாரையும் மிரட்டினதே இல்ல. எடைதான் தானா இறங்கும்."

அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பேரவை உறுப்பினர்கள் வெறுங்காலோடு, விரல்களை மடக்கி அமர்ந்திருந்தார்கள். தலைவர் பேசினார்.

"நண்பர்களே, நாம் இந்தப் பேரவையைத் தொடங்கும் முன்பு உலகத்தில் ஆட்டக்காரர்கள் வெறுமனே கோல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடித்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். என்ன ஒரு வீண்! அவற்றுக்கு எடை கொடுத்தது யார்? நாம். கோல் அடிப்பது எளிது, அதைத் தீர்மானிப்பதுதான் கடினம். நம்மில் ஒருவர்கூட இன்றுவரை ஒரு பந்தைக் காலால் தொட்டதில்லை. அதனால்தான் நம் தீர்ப்பில் மண் ஒட்டவில்லை!"

கைதட்டல் நிற்க நேரமாயிற்று. உறுதிமொழி அதிகாரி கொக்கின் வலது காலைத் தங்கக் காலணிக்குள் நுழைத்தார். ஐஸ்கட்டிக்குள் காலை விட்டதுபோல் இருந்தது. ஒலிவாங்கியை அவன் வாய்க்கு அருகில் கொண்டுவந்தார்கள். பக்கத்து மேசையில் முத்திரைக்காரர் கையை ஓங்கித் தயாராக நின்றார்.

"நான் அடித்த முப்பது கோல்களும்" என்று படித்தார் அதிகாரி.

கொக்கு வாயைத் திறந்தான். மேலாளர் முகம் வந்தது. அணியில் பத்துப் பேர் முகமும் வந்தது. கடவுளே, என்றான் மனத்துக்குள். கடவுள் பேரவையின் விதிகளைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அதுவே அவனுக்குத் தைரியமாக இருந்தது.

"நான் அடித்த இருபத்தொன்பது கோல்களும்" என்றான்.

ஒரு புகைப்படக்காரரின் கையிலிருந்து ஏதோ நழுவிச் சலவைக்கல்லில் விழுந்த ஒலி எல்லோருக்கும் கேட்டது. முத்திரைக்காரரின் கை அந்தரத்தில் நின்றது.

"முப்பதாவது என்னோடது இல்ல" என்றான் கொக்கு. அவன் குரல் தழுதழுத்தது. "எங்க மதில் அண்ணன் அடிச்சது. அவர் நெத்தியில பட்டு விழுந்தது. எனக்கு இந்த விருது வேணாங்க. ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும்."

அதிகாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் எடை நிபுணரைப் பார்த்தார். அம்மாள் முடியாது என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினார்: அரை கோல். தலைவரின் முகத்தில் வியர்வை துளிர்த்தது. பிறகு அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

"பணிவு!" என்று முழங்கினார். "நண்பர்களே, இந்தப் பணிவை எங்கே கண்டிருக்கிறோம்!"

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஓர் உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இல்லைங்க, நான் சொல்றதைக் கேளுங்க" என்று கொக்கு ஒலிவாங்கியில் கத்தினான். அவன் கத்தக் கத்தக் கைதட்டல் கூடியது. குரல் தழுதழுத்தால் உறுதிமொழி நிறைவேறியதாகக் கொள்ளலாம் என்று ஒரு துணைவிதி இருந்தது. அதிகாரி அதைப் படித்தார். முத்திரை விழுந்தது. அந்த மேடையிலேயே பேரவையின் முதலாவது பணிவுப் பதக்கமும் கொக்கின் கழுத்தில் விழுந்தது. அதன் நாடா குட்டையாக இருந்ததால் கழுத்தை இறுக்கியது.

தங்கக் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு கொக்கு வெளியே வந்தபோது வாசலில் அவனுடைய சொந்தக் காலணியைக் காணோம். விழாவுக்கு வந்தவர்களில் யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். காவலாளி அவன் வெறுங்காலைப் பார்த்தார். தன் பையிலிருந்து ஒரு பழைய ரப்பர் செருப்பை எடுத்து அவன் முன்னால் போட்டார்.

"போட்டுக்கிட்டுப் போ தம்பி. வெளிய கல்லும் முள்ளுமா கிடக்கு" என்றார். "நானும் கேட்டேன், உள்ள ஸ்பீக்கர்ல. உண்மையைத்தான சொன்ன?"

"ஆமாங்க."

"அப்போ சொல்ல வேண்டிய இடத்துல போய்ச் சொல்லு."

அன்று முழுவதும் அந்தக் கட்டடத்தில் அவன் சொன்னதைச் சொன்னபடி கேட்டவர் அவர் ஒருவர்தான். கொக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு நேராகப் பேருந்து ஏறினான்.

மறுநாள் காலை பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். குட்டி மேடைப் படியில் ஏறி நின்றிருந்தாள். உதடு இறுகியிருந்தது. கொஞ்சம் தள்ளி, சுவரோரமாக, மதில் நெற்றிக் கட்டோடு தலையைக் குனிந்து நின்றார். ஆசிரியை "சொல்லும்மா" என்று சொன்ன நேரத்தில், ரப்பர் செருப்பு படபடக்க ஒரு நெட்டை ஆள், கையில் துணிப்பையோடு மைதானத்துக்குள் ஓடிவந்தான்.

"டீச்சர், ஒரு நிமிஷம்!" கொக்குக்கு மூச்சு வாங்கியது. "சொல்லாத குட்டி. நீ ஒண்ணும் சொல்லாத."

"நீங்க யாரு?" என்றார் ஆசிரியை.

"அந்தப் பட்டியல்ல கோல் அடிச்சதா போட்டிருக்கிற ஆள் நான்தாங்க." துணிப்பைக்குள்ளிருந்து தங்கக் காலணியை எடுத்து மேடையில் வைத்தான். வெயிலில் அது கண்ணைக் கூசச் செய்தது. பிள்ளைகள் வரிசையை மறந்து முன்னால் வந்தார்கள். "அந்தக் கோலை நான் அடிக்கல. இவங்க அப்பாதான் அடிச்சார். நான் மூலையிலிருந்து உதைச்சேன், அவ்வளவுதான். குட்டி சொன்னது நிஜம்."

"பேரவையிலிருந்து ஏதாவது..."

"பேரவை எழுதித் தரலைங்க. தர மாட்டாங்க. பட்டியல்ல பேர் இருக்கிறவனே இல்லைன்னு சொல்றேன். இதுக்கு மேல என்னங்க வேணும்?"

ஆசிரியை காலணியைப் பார்த்தார். அவன் செருப்பைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற நெற்றிக் கட்டைப் பார்த்தார். படியில் ஏறிக் குட்டியின் எதிரே குனிந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, "மன்னிச்சுக்கோம்மா. நான்தான் தப்பு பண்ணிட்டேன்" என்றார். இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டிராத பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு கைதட்டினார்கள். மதில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

குட்டி படியிறங்கி வந்தாள். காலணியைச் சுற்றி ஒருமுறை வந்தாள்.

"சித்தப்பா, இன்னொண்ணு எங்க?"

"ஒண்ணுதான் குடுப்பாங்க குட்டி." கொக்கு தரையில் உட்கார்ந்தான். நேற்றிலிருந்து மனத்தில் அடைத்துக்கொண்டிருந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. "என்கிட்ட இருந்து எடுத்தா ஒன்றரை கோலாம். உங்கப்பாவுக்குக் குடுத்தா ஒண்ணுதானாம். மிச்சம் அரை கோல் எங்க போறதுன்னு அங்க யாருக்கும் தெரியல. அதனாலதான் குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

குட்டி யோசித்தாள். பேரவையின் ஏழு பிரிவுகளும் யோசிக்காத அளவுக்கு நன்றாகவே யோசித்தாள்.

"நீங்கதான பந்தை எங்கப்பாகிட்ட அனுப்புனீங்க?"

"ஆமா."

"அப்போ அந்த அரை உங்களுக்கு" என்றாள். "அதான் ஒத்தைச் செருப்பு குடுத்திருக்காங்க."